கத்தினால் கேட்காத தூரம்

நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப்போவதில்லை. பதினொரு வருடமாக எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. மருத்துவமனையில், அலுவலகங்களில், தொலைபேசியில். தமிழ் மட்டுமே தெரிந்தவர்கள் சொல்வதை நான் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ சொல்லவேண்டும். ஒரு சொல் கூட்டக்கூடாது. ஒரு சொல் விடக்கூடாது. இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். தேதிகளும் நேரங்களும் நான் அன்றன்று குறித்து வைத்தவை.

என் பெயர் நிரோஜினி. அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. பாரிஸின் லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில் ஒற்றை அறை எடுத்துத் தனியாக இருந்தேன்.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. எதிரில் இருப்பவர் "நான்" என்றால் நாங்களும் "நான்" என்றுதான் சொல்லவேண்டும். 'எனக்கு நெஞ்சு நோகுது.' 'என்னை அடிச்சவங்கள்.' 'என்ர பிள்ளை செத்துப்போச்சு.' ஒரு நாளைக்கு எட்டுப் பேருடைய "நான்" என் வாயால் வெளியே வரும். வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டினாலும் அந்தக் குரல்கள் நிற்பதில்லை. ஒரு மாதமாவது யாருடைய பேச்சும் கேட்காத இடத்தில் இருக்கவேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை மெல்ல வெறியாயிற்று.

மார்ன் ஆற்றங்கரையில் ஒரு படகுக் கழகத்தில் இரண்டு கோடைகள் கனூ ஓட்டப் பழகியிருந்தேன். கனூ என்பது ஒடுங்கிய துடுப்புப் படகு. ஒருவரே ஓட்டலாம். சுவீடனின் வடக்கே, காட்டுக்குள், ஒன்றோடொன்று தொடுத்தது போல ஏரிகள் கிடக்கின்றன. ஊர் இல்லை, தெரு இல்லை. அங்கே படகு வாடகைக்கு விடும் ஆனிக்கா என்ற பெண்ணுக்கு 2023 ஒக்டோபரில் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதினேன். ஜூன் நடுவில் பனி உருகிவிடும் என்றார். ஜூன் 17இல் தொடங்குவது, ஜூலை 11இல் முடிப்பது. இருபத்துநாலு நாட்கள். நான் மட்டும்.

"தனியவோ? விசரே உனக்கு?" என்றாள் மேரிறோஸ். என் ஒரே சிநேகிதி. எங்கள் கட்டடத்தின் கீழே உள்ள துணிக்கடையில் வேலை செய்கிறாள். கார்ஜ் புறநகரிலிருந்து தினமும் ரயிலில் வந்து போவாள்.

"ஓம். தனியத்தான்."

"கரடி வந்தா என்னடி செய்வாய்?"

"கரடி கதைக்காதுதானே."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நாலு வரைபடத் தாள்களை ஒட்டிச் சுவரில் தொங்கவிட்டேன். கூடாரம் போடும் இடங்களைச் சிவப்புப் பென்சிலால் குறித்தேன். படகைத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டிய இடங்கள் ஒன்பது. பருப்புக் கறியை மின்னடுப்பில் காயவைத்துப் பொட்டலம் கட்டினேன். நாளுக்கு அறுநூறு கிராம் சாப்பாடு, அதற்கு மேல் சுமக்கமுடியாது.

இன்னொரு பயிற்சியும் தொடங்கினேன். நவம்பர் 18 முதல் ஒவ்வொரு சனியும் பின்னேரம் நாலு மணியிலிருந்து ஐந்து வரை பேசாமல் இருப்பது. கைத்தொலைபேசியை மேசை இழுப்பறையில் வைத்து மூடுவேன். ஜன்னலோரக் கதிரையில் உட்காருவேன். ஐந்துக்கு மணிக்கூடு அடிக்கும். அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரம் கண்ணை மூடித் திறந்தது போலப் போய்விடும். தூங்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

நவம்பர் 27, திங்கள். ஆனிக்காவிடமிருந்து மின்னஞ்சல். 'நீங்கள் சொன்னபடி இரண்டு துடுப்பு, இரண்டு மிதவைச் சட்டை ஒதுக்கிவிட்டேன்.'

ஒரு ஆள்தான் என்று பதில் போட்டேன். உடனே மறுமொழி வந்தது. 'மன்னிக்கவும். தொலைபேசியில் பிழையாக விளங்கிக்கொண்டேன் போல.'

நான் அவரோடு தொலைபேசியில் பேசியதே இல்லை. எல்லாம் எழுத்தில்தான். வேறு யாரோடோ என்னைக் குழப்பிக்கொண்டார் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் 2, சனி. ஐந்து மணிக்கு மணிக்கூடு அடித்தது. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். தொண்டை கட்டியிருந்தது. நாள் முழுக்க வேலை செய்தால் வருமே, அந்தக் கரகரப்பு. ஆனால் அன்று காலையிலிருந்து நான் ஒருவரோடும் பேசவில்லை.

வரைபடத்திலும் ஒன்று பிழையாக இருந்தது. ஆகப் பெரிய ஏரியின் நடுவே ஒரு சின்னத் தீவு. காற்று அறைகிற இடம். அங்கே தங்க நான் நினைத்ததே இல்லை. அதன் மேல் பெருக்கல் குறி போல ஒரு சிறிய புள்ளடி போடப்பட்டிருந்தது.

நீலப் பேனாவால்.

நான் சிவப்புப் பென்சில் மட்டும்தான் பாவித்தேன். அந்தத் தாள்களை மலிவாக, பாவித்ததாக வாங்கியிருந்தேன். முந்தி வைத்திருந்தவர் போட்டிருப்பார் என்று நினைத்தேன். ஆனால் இத்தனை நாள் நான் எப்படிக் காணவில்லை?

டிசம்பர் 9, சனி. மணி ஐந்தரை. மேரிறோஸ் ஒரு பை ரோல்ஸோடு மேலே வந்தாள்.

"முதலும் வந்தனான். கடையில சனமில்லை, நாலரைக்கு ஒருக்கா ஓடி வந்தன். நீ வேலையா இருந்தாய், திரும்பிப் போட்டன்."

"வேலையோ? நான் சும்மா இருந்தனான்."

"போனில இங்கிலீசு கதைச்சுக்கொண்டிருந்தாய். கதவடியில நிண்டு கேட்டனான்."

பையை மேசையில் வைத்தேன்.

"நான்தான் கதைச்சனோ?"

"உன்ர குரல் எனக்குத் தெரியாதே? மற்ற மனிசி தமிழில மெல்லமாச் சொல்லுறா. நீ அதை இங்கிலீசில சொல்லுறாய். பாவம், ஆரோ சுகமில்லாத மனிசியாக்கும். இழுத்திழுத்துத்தான் கதைச்சவ."

"எந்த மனிசி?"

மேரிறோஸ் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டில், மேசை, ஒரே ஒரு கதிரை.

"அவ... உள்ளுக்கை இருந்துதானே கதைச்சவ," என்றாள்.

அவள் போன பிறகு இழுப்பறையைத் திறந்தேன். கைத்தொலைபேசி வைத்த இடத்தில்தான் இருந்தது. அழைப்புப் பட்டியலைப் பார்த்தேன். சுவீடன் இலக்கம். அன்று 16:24, பதினொரு நிமிடம். டிசம்பர் 2, 16:19. நவம்பர் 25, 16:20. நவம்பர் 18, 16:31. எல்லாமே இங்கிருந்து போன அழைப்புகள்.

அன்றைக்கே எல்லாவற்றையும் விட்டிருக்கவேண்டும். நான் விடவில்லை. எனக்கு மூளையில் ஏதோ பிழை, களைப்பு கூடிவிட்டது என்றுதான் நினைத்தேன். தூக்கத்தில் நடக்கிறவர்கள் இல்லையா? தூக்கத்தில் பேசுகிறேன். மேரிறோஸ் கேட்ட தமிழ்க் குரலும் என்னுடையதுதான். அதைக் காதால் கேட்டால் நிம்மதி வந்துவிடும்.

டிசம்பர் 16, சனி. வேலைக்குப் பாவிக்கும் சின்ன ஒலிப்பதிவுக் கருவியை மேசை மேல் வைத்தேன். 15:58க்கு அழுத்தினேன். கைத்தொலைபேசியை இழுப்பறையில் வைத்தேன். கதிரையில் உட்கார்ந்தேன்.

மணிக்கூடு அடித்தது. ஐந்து.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. தொண்டை எரிந்தது. விளக்கைப் போடாமலே கருவியை எடுத்து, அதன் இயர்போனைக் காதில் மாட்டிக் கேட்டேன்.

முதல் இருபது நிமிடம் ஒன்றுமில்லை. சூடாக்கி டிக்... டிக்... என்றது. கார் து நோர் நிலையத்துக்குப் போகும் ரயில் ஒன்று. கீழே கடைக்காரர் ஒருவர் சாமான் இறக்கும் சத்தம்.

16:21. கதிரை கிரீச்சிட்டது.

காலடி. நாலு எட்டு.

இழுப்பறை திறக்கும் சத்தம்.

பிறகு என் குரல். தூக்கக் குரல் இல்லை. தெளிவான, மரியாதையான, வேலைக் குரல். ஆங்கிலத்தில்.

"வணக்கம் ஆனிக்கா. மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன். அவரும் பக்கத்தில் இருக்கிறார்."

அமைதி. ஆறு விநாடி.

"அந்தத் தீவுக்குப் பக்கத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று அறிய விரும்புகிறேன்."

அமைதி.

"அபாயம் என்றால் அழுத்தும் கருவியைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டுமா?"

அமைதி. இந்தத் தடவை நீளம். அந்த இடைவெளியில் மேரிறோஸ் சொன்ன தமிழ்க் குரல் வரும் என்று காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டேன். குரல் இல்லை. யாரோ மூச்சை இழுப்பது மட்டும் கேட்டது. கருவிக்கு மிகக் கிட்ட.

பிறகு என் குரல்.

"கத்தினால் கேட்கிற தூரத்தில் அங்கே யாராவது இருக்கிறார்களா?"

அமைதி.

"இல்லையா? நல்லது. மிக்க நன்றி."

இழுப்பறை மூடும் சத்தம். காலடி. கதிரை.

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். 16:47க்கு மறுபடி என் குரல் வந்தது. தமிழில். தாழ்ந்த குரலில்.

"ஓம்... ஓம்... இல்லை, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

காதிலிருந்து பிடுங்கி எறிந்தேன்.

அறை இருட்டு. சூடாக்கியின் சத்தம்கூட நின்றிருந்தது.

கேட்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கேட்டுவிட்டேன்.

"ஆர்... ஆர் நீங்கள்?"

ஒரு சத்தமும் இல்லை.

ஆறு விநாடி இருக்கும்.

என் வாய் தானாகத் திறந்தது.

"ஐ..." என்றது.

ஆங்கிலத்தின் "நான்". வேலைக் குரலில்.

இரண்டு கையாலும் வாயைப் பொத்தினேன். உள்ளங்கைக்குள் உதடு அசைந்துகொண்டிருந்தது. சொல்லி முடிக்கப் பார்த்தது.

செருப்பில்லாமல் ஓடினேன்.

மேரிறோஸ் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தாள். நான் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் பூட்டைத் திரும்பத் திறந்தாள். கடைக்குள்ளிருந்து ஒரு சோடிச் செருப்பு எடுத்துத் தந்தாள், கையைப் பிடித்து ரயிலில் ஏற்றிக் கார்ஜுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ரயில் புறப்பட்ட பிறகுதான் உதடு நின்றது.

மறுநாள் அவளுடைய வீட்டிலிருந்து ஆனிக்காவுக்கு எழுதினேன். பயணம் வேண்டாம், எல்லாவற்றையும் ரத்துச் செய்யுங்கள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. 'ரத்துச் செய்துவிட்டேன். வருத்தம். வேறொரு வருடம் வாருங்கள்.' அவ்வளவுதான்.

அந்த அறைக்கு நான் திரும்பத் தனியாகப் போகவில்லை. ஜனவரியில் மேரிறோஸும் அவள் கணவர் இஞ்ஞாசியும் கூட வந்து சாமான்களை ஏற்றித் தந்தார்கள். வரைபடத்தை இஞ்ஞாசிதான் சுவரிலிருந்து கழற்றிக் கிழித்தார். ஓல்னே-சூ-புவாவில் ஒரு குடும்பத்தோடு அறை எடுத்தேன். மூன்று பிள்ளைகள், எந்நேரமும் சத்தம். நன்றாகத் தூங்கினேன். வேலைக்குப் போனேன். அப்படி ஒன்றும் பிறகு நடக்கவில்லை. அந்த ஜூன் மாதம் நான் பாரிஸை விட்டு ஒரு நாள்கூட வெளியே போகவில்லை. மருத்துவமனையில் நாள் தவறாமல் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

2024 ஜூலை 12, வெள்ளி. காலை 9:40. மருத்துவமனை நடைபாதையில் அடுத்த நோயாளிக்காகக் காத்திருந்தேன். மின்னஞ்சல் ஒன்று வந்தது. ஆனிக்கா.

அவர் எழுதியிருந்ததை அப்படியே தமிழில் தருகிறேன்.

'அன்புள்ள நிரோஜினி, ஏப்ரலில் நீங்கள் மறுபடி தொலைபேசியில் அழைத்து மனம் மாறிவிட்டது என்று சொன்னபோது மிகவும் சந்தோஷப்பட்டேன். உங்கள் இருவரையும் நேரில் கண்டது அதைவிடச் சந்தோஷம். நேற்று உங்கள் தோழி படகைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். ஒரு கீறல்கூட இல்லை. நீங்கள் ஒரு வாரத்துக்கு முன்பே நடந்து வெளியேறி வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பக்கம் நடந்து வெளியேற வழி கிடையாது. அவருடைய ஆங்கிலம் இப்போது எவ்வளவு நன்றாக இருக்கிறது! உங்கள் குரல் போலவே. புறப்பட்ட அன்று எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன்.'

படத்தைத் திறந்தேன்.

சாம்பல் நிறத் தண்ணீர். கரையை விட்டு விலகும் கனூ. இரண்டு பெண்கள். பின்னால் இருப்பவள் துடுப்பை உயர்த்தியிருக்கிறாள். அவள் முகத்தைத் துடுப்பு மறைக்கிறது. முன்னால் இருப்பவளின் கையில் துடுப்பு இல்லை. அவள் கரையைத் திரும்பிப் பார்க்கிறாள். வாய் பாதி திறந்திருக்கிறது, ஏதோ சொல்ல வருவது போல.

அது நான்.

மின்னஞ்சலின் கடைசியில் ஒரு வரி இருந்தது.

'பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா? ஒரு சொல்லாவது எழுதுங்கள்.'

இன்றுவரை நான் பதில் போடவில்லை.