ஷம்ரோஸின் இடுப்பில் இருந்த துப்பாக்கி

துப்பாக்கி செய்து விற்கும் தர்ரா கடைத்தெருவில் ஷம்ரோஸ் அடிக்காத தம்பட்டம் இல்லை. "இத்தாலிக்காரன் செஞ்சதையும் நான் செஞ்சதையும் பக்கத்துல வை. பெத்தவனே வந்தாலும் தன் பிள்ளை எதுன்னு திணறுவான்" என்பார். முப்பது வருடமாக இதே பேச்சு. ஆங்கில எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவர், இத்தாலிக் கம்பெனியின் பெயரைக் கோலம் போடுவதுபோலப் பார்த்துப் பார்த்து இரும்பில் வெட்டிவிடுவார். வாங்க வந்தவன் கடைக்குப் பின்னால் போய் மலையைப் பார்த்து நாலு குண்டு சுடுவான். நாலும் போகும். வியாபாரம் முடிந்தது. நானூறாவது குண்டைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அவரும் வாயைத் திறந்ததில்லை.

நல்ல இரும்பு கிடைக்காத மாதங்களில் உடைந்த லாரி அச்சு, பழைய தண்டவாளம் என்று எது வந்தாலும் பட்டறை நிற்காது. அப்படிச் செய்த பிஸ்டலில் மட்டும், கைப்பிடித் தகட்டுக்கு அடியில், அரத்தால் பிறை வடிவில் ஒரு கீறல் போட்டுவைப்பார். தவறிக்கூட அது சொந்தக்காரன் கைக்குப் போய்விடக் கூடாது, அதற்குத்தான். ஊர் பேர் தெரியாதவன் வாங்கிக்கொண்டு போனால் போகட்டும்.

அந்த வசந்த காலத்தில் ஜனஸ் கானுக்கும் மேவா குல்லுக்கும் நில எல்லைத் தகராறு முற்றி, ஒருவன் காலில் குண்டு பாய்ந்தது. பெரியவர்கள் கூடி ஜிர்கா என்னும் ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டினார்கள். தீர்ப்புக்குக் கட்டுப்படுவோம் என்பதற்கு அடையாளமாக இரண்டு தரப்பும் ஆளுக்கொரு ஆயுதத்தைப் பிணையாக வைக்க வேண்டும். பேச்சு மீறினால் ஆயுதமும் போகும், மானமும் போகும். ஜனஸ் கான் தன் இத்தாலிப் பிஸ்டலை வைத்தார். அது அசலா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று மேவா குல் அடம்பிடித்தார். அசல் இல்லையென்றால் பேச்சுவார்த்தையே இல்லை, வந்த வழியே போய்விடுவோம் என்றும் சொல்லிவிட்டார். கடைத்தெருவே உஸ்தாத், அதாவது ஆசான், என்று கூப்பிடும் ஷம்ரோஸைக் கூட்டிவந்தார்கள்.

விருந்தினர் கூடத்தில் கயிற்றுக் கட்டில்கள் நிறைய ஆட்கள். ஷம்ரோஸ் பிஸ்டலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அசல்தான் என்று தோன்றியது. வழக்கத்துக்காகத் திருகாணியைக் கழற்றித் தகட்டைத் தூக்கினார். உள்ளே பிறை.

முதலில் வந்தது சந்தோஷம். என் கண்ணையே ஏமாற்றிவிட்டதே! அடுத்த மூச்சில் காது மடல் சுட்டது. ஜனஸ் கான் அவருடைய சொந்த அத்தை மகன். பெஷாவரில் யாரிடமோ அசல் விலை கொடுத்து வாங்கி, எட்டு வருடமாக இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறார்.

"அசல்" என்றார் ஷம்ரோஸ். தகட்டை மூடித் திருகாணியை முடுக்கினார்.

ஜனஸ் கான் மீசையைத் தடவிக்கொண்டார். மேவா குல் தலையாட்டினார். பச்சைத் தேநீர் வந்தது. ஜிர்காவின் தலைவர் ஹாஜி சாஹிபுக்கு மனது லேசாகிவிட்டது. பிணையைத் திருப்பித் தரும் நாளில் வழக்கப்படி நானே வானத்தைப் பார்த்துச் சுடுவேன், அசல் என்பதால் மூன்று முறை குண்டு நிரப்பிச் சுடலாம் என்று சொல்லிச் சிரித்தார். தேநீர்க் கிண்ணத்தைப் பிடித்திருந்த அவருடைய வலது கையையே ஷம்ரோஸ் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹாஜி சாஹிப், அதைச் சுடாதீங்க."

"ஏன்ப்பா?"

"அது நான் செஞ்சது. லாரி அச்சு இரும்பு. எப்ப கையிலயே வெடிச்சுச் சிதறும்னு எனக்கே தெரியாது."

"இப்பத்தானே அசல்னு சொன்னே?"

"பொய் சொன்னேன்."

பிறகு பிறையைக் காட்டி, அது எதற்கு என்பதையும் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தார். ஜனஸ் கான் சத்தம் போடவில்லை.

"என் பொண்ணு கல்யாணத்துல இதைத்தானே சுட்டேன் உஸ்தாத். நீங்க பக்கத்துல நின்னு கைதட்டினீங்களே."

மேவா குல் எழுந்து சால்வையை உதறினார். "சொந்தக்காரனுக்கு ஆகாது, எங்களுக்குன்னா ஆகும். நல்ல கணக்கு."

அவர் வாசலைத் தாண்டினால் சமாதானமும் தாண்டிவிடும். ஷம்ரோஸ் யோசிக்கவே இல்லை. ஜனஸ் கானுக்காக என் பிணை என்று சொல்லி, இடுப்பு உறையிலிருந்த பிஸ்டலை உருவி விரிப்பில் வைத்தார். வைத்த பிறகுதான் செய்தது உறைத்தது.

ஹாஜி சாஹிப் அதை எடுத்துப் பார்த்தார். "இதுவும் நீ செஞ்சதா?"

ஷம்ரோஸ் வெற்று உறையின் வாரை இழுத்து இறுக்கினார்.

"சொல்லுங்க உஸ்தாத்" என்றார் மேவா குல். "பெத்தவனுக்கே தெரியாதும்பீங்களே. உங்களுக்காவது தெரியுமா?"

"அது இத்தாலி" என்றார் ஷம்ரோஸ். "அசல்."

யாராவது சிரித்திருந்தால் தாங்கியிருப்பார். ஒருவரும் சிரிக்கவில்லை. மேவா குல் திரும்பி வந்து உட்கார்ந்தார். பிணை ஏற்கப்பட்டது. ஜனஸ் கான் தன் பிஸ்டலைத் தொடவில்லை. அது விரிப்பின் ஓரத்திலேயே கிடந்தது.

வெற்று உறையோடு கடைத்தெரு வழியே நடந்து வந்தார். அவர் கடையில் கோஹாட்டிலிருந்து வந்த ஒருவன் புதுப் பிஸ்டல் ஒன்றைக் கையில் எடைபார்த்துக்கொண்டிருந்தான்.

"உஸ்தாத், இது அசலுக்கு நிகரா?"

"நாலு குண்டு வரைக்கும்."

நல்ல நகைச்சுவை என்று நினைத்து அவன் சிரித்தான். கடைக்குப் பின்னால் போனான். ஷம்ரோஸ் உட்கார்ந்து எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்தாவது கேட்பதற்குள் எழுந்து ஓடி, அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டார்.