குணா அண்ணன் நம்பருக்கே போய்க்கொண்டிருந்த மெசேஜ்

குணா அண்ணன் முந்தாநாள் இறந்துவிட்டார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில்... இரண்டு மாதமாக அங்கேதான் இருந்தார்.

திண்டிவனத்தில் எங்கள் பால் கம்பெனி ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட். ஊர் ஊராகக் காலையில் எடுக்கிற பாலின் கணக்கை கம்ப்யூட்டரில் நாள் முழுக்க ஓடும் ஒரு டூல் திரட்டும். அதைச் சரிபார்த்து அனுப்புவது ஷெல் ஸ்கிரிப்ட்கள் என்கிற குட்டி புரோகிராம்கள்.

இரண்டிலும் தனித்தனியாக செட்டிங் மாற்றி மண்டை காய்ந்து, கடைசியில் சர்வர் பெயர், ஃபோல்டர், கணக்கு வராமல் நின்றால் தகவல் போகவேண்டிய போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் என்விரான்மென்ட் வேரியபிளாகப் போட்டோம். டூலும் ஸ்கிரிப்ட்களும் அதையே படிக்கும்.

நம்பர் அவருடையது. "ஃபெயிலானா என்னை எழுப்பட்டும். நீ தூங்கு, புஸ்தகப்புழு" என்றார்.

ஒலக்கூர் கணக்குதான் எப்போதும் லேட். "ஒலக்கூர் மாடு இன்னும் பல்லு வெளக்கல போல" என்பார்.

அட்மிட் ஆன அன்று போன் செய்தார். "என் நம்பர ஜல்தியா மாத்திடும்மா. விடிகாலையில சத்தம் போடுது, உங்க அண்ணி பேஜாராவுறா."

ஃபைலில் என் நம்பரைப் போட்டேன். ஒரு ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்தேன். மெசேஜ் என் போனுக்கு வந்தது. "மாத்திட்டேண்ணா" என்று சொல்லிவிட்டேன்.

ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் ஃபைலைப் புதிதாகப் படிக்கும். டூல் அப்படியில்லை... ஸ்டார்ட் ஆனபோது படித்ததையே பிடித்துக்கொண்டிருக்கும். ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். தெரிந்த விஷயம்தான். மறந்துபோனேன்.

டூலிலிருந்து எனக்கு மெசேஜே வரவில்லை. எல்லாம் ஒழுங்காகப் போகிறது, ஒலக்கூர்கூட திருந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு மட்டும் வாட்ஸாப்பில் "ஞாயித்துக்கிழமை வர்றேண்ணா" என்று போட்டுக்கொண்டே இருந்தேன். விழுப்புரம் பஸ் முண்டியம்பாக்கம் வழியாகத்தான் போகும். நான் ஏறவே இல்லை.

நேற்றுதான் விழுப்புரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க ஆபீஸ் மெசேஜ் தெனமும் வந்துகினே இருந்துச்சும்மா. படிச்சுக் காட்டுன்னுவாரு. 'டூலை ரீஸ்டார்ட் பண்ணாம வுட்டுட்டா அந்தப் பொண்ணு'ன்னு சிரிப்பாரு. போன் பண்ணி சொல்லட்டான்னா, 'வேணா, ஆபீஸ்ல இருந்து அதுவாவது வந்துகினு இருக்கட்டும்'னாரு."

அண்ணி குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"இன்னிக்கும் வந்துச்சு. படிச்சு சொல்லலாம்னு அவரு பக்கம் திரும்பிட்டேன்... இனிமே வர வேணாம்மா."

நேராக ஆபீஸ் வந்து ரீஸ்டார்ட் செய்தேன். இரண்டு நிமிட வேலை.

இன்று காலை ஒலக்கூர் கணக்கு வரவில்லை. மெசேஜ் என் போனுக்கு வந்தது.

மாடு இன்னும் பல்லு வெளக்கலண்ணா... நான் பாத்துக்கறேன். நீங்க தூங்குங்க.