கை நழுவிய சொம்பு

என் அலமாரியில் ஒரு வெள்ளிச் சொம்பு இருக்கிறது. என் கல்யாணத்தில் அப்பா என்னைத் தாரை வார்த்துக் கொடுத்தபோது, நீர் விடுவதற்காக அம்மா கையில் வைத்திருந்தது இதுதான். அன்று அம்மாவுக்குக் கை நழுவி மொத்தத் தண்ணீரும் கொட்டிவிட்டது என்று உறவில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து மனை போட்ட புதிதில் அப்பா கட்டிய வீடு எங்களுடையது. குடிவந்த இரண்டாம் வருஷம் அவருக்குப் பிராஸ்டேட் சுரப்பியில் புற்று என்று பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள். உயிர் தங்கியது, சிறுநீரை அடக்கும் சக்தி போய்விட்டது. இருமினால் நனையும், தும்மினால் நனையும், சும்மா எழுந்து நின்றாலும் நனையும். அப்பாவோ வேஷ்டியில் ஒரு மடிப்புக் கலைந்தாலும் ஆபீசுக்குக் கிளம்பாத மனிதர். இனி வாசற்படி தாண்ட மாட்டார் என்றே நினைத்தோம். ஒரே மாதத்தில், பழைய வேஷ்டிகளைச் சதுரமாகக் கிழித்து உள்ளே மடித்து வைத்துக்கொண்டு, மாற்று வேஷ்டி வைத்த மஞ்சள் பையோடு ரயிலேறிவிட்டார். சாப்பிட்ட இலையைக்கூட எடுத்தறியாதவர், அந்தத் துணிகளை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. கிணற்றடியில் தானே துவைத்து, கொய்யா மரத்தில் தனிக் கொடி கட்டி உலர்த்துவார். உடம்பு விசாரிக்க வந்தவர்களிடம், "குழாய் சரியா மூடறதில்லை ஓய், அவ்வளவுதான். அதுக்காக குடியிருக்கற ஆத்தையா இடிச்சுடுவா?" என்பார். அந்தத் தைரியத்தை நான் வேறு எந்த ஆணிடமும் பார்த்ததில்லை.

என் கல்யாணம் நிச்சயமானபோதுதான் அந்தத் தைரியம் ஆட்டம் கண்டது. எங்கள் வழக்கத்தில் தாரை வார்க்கும்போது பெண் அப்பாவின் மடியில் உட்கார வேண்டும். "சம்பந்தி முன்னாடி ஏதாவது ஆயிடுத்துன்னா என்ன பண்றது அண்ணா? அவ சித்தப்பா மடியில ஒக்காரட்டுமே" என்றாள் அத்தை. அப்பா உடனே தலையாட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். துவைத்த துணியையே திரும்பத் திரும்பத் துவைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அத்தைமேல் பற்றிக்கொண்டு வந்தது. பின்னாலேயே போய், "உங்க மடி இல்லேன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்" என்றேன்.

"நனைஞ்சுடுவேடீ."

"நனையட்டும்."

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானத்திலிருந்து அப்பா ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. காப்பிக்கு உயிரை விடுகிறவர், காலையில் அதையும் தொடவில்லை. முகூர்த்தத்தில் அவர் மடியில் உட்கார்ந்தேன். உதடு வறண்டு வெடித்திருந்தது. ஆனாலும் மந்திரம் ஒன்றுகூடப் பிசகவில்லை. பாதியில் என் புடவையில் இளஞ்சூடு பரவியது. "எழுந்துண்டுடு" என்றார் என் காதருகில். அந்தக் குரலை என்னால் மறக்க முடியாது. நான் இன்னும் அழுத்தி உட்கார்ந்தேன். பக்கத்தில் சொம்போடு நின்ற அம்மா, அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். அடுத்த நிமிஷம் சில்லென்று தண்ணீர் எங்கள் இருவர் மேலும் கொட்டியது. அவர் வேஷ்டி, என் புடவை, மணை எல்லாம் தெப்பமாகிவிட்டன.

"ரெண்டு சொட்டு போறுமே மாமி" என்றார் சாஸ்திரிகள்.

"கை நழுவிடுத்து" என்றாள் அம்மா.

கை நழுவவில்லை. சொம்பின் கழுத்தை அவள் விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். சடங்கு முடிந்ததும் ஈரம் சொட்ட எழுந்து நின்று, "பொண்ணோட சேர்த்து என்னையும் தாரை வார்த்துட்டா, பாருங்கோ" என்றார் சம்பந்தியிடம். பந்தலே சிரித்தது. அந்த வேஷ்டியோடு பந்தல் முழுக்க நடந்து ஒவ்வொருவரையும் சாப்பிட அழைத்தார். வியாதி வந்தபின் அவர் மாற்று வேஷ்டியைத் தேடாமல் நடந்தது அன்று மட்டும்தான்.

என் பெண்ணின் கல்யாணத்தில் இதே சொம்பை நான் பிடித்தேன். அப்பா போய் வெகு காலமாகியிருந்தது. அம்மா உள்ளே கதவோரம் உட்கார்ந்திருந்தாள். சாஸ்திரிகள் சொன்னபடி இரண்டு சொட்டு விட்டேன். முடிந்ததும் சொம்பை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு மிச்சம் வச்சிருக்கியே. நான் ஒரு சொட்டு வைக்கலை" என்றாள்.