கம்பளிக்கடை கார்டியன்

அந்த மலையூரில் கல்லூரி தொடங்கிய வருடமே கம்பளிக்கடைக்காரருக்குக் ‘கார்டியன்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. “படிக்காமலே பட்டம் வாங்கினவர் எங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான்” என்று அவர் மனைவி சொல்வாள்.

வெளியூர் மாணவர் ஒவ்வொருவருக்கும் உள்ளூரில் ஒரு பொறுப்பாளர் இருந்தாக வேண்டும் என்பது கல்லூரி விதி. சமவெளியிலிருந்து பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவர்களுக்கு மலையில் யாரைத் தெரியும்? கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி, வாந்தி எடுத்து, ஒருவழியாகப் பஸ்ஸை விட்டு இறங்கினால் குளிர் முகத்தில் அறையும். அறை வாங்கிய கையோடு அவர்கள் நுழையும் முதல் கடை அவருடையது. கம்பளி, மெத்தை, தலையணை, ரப்பர் வெந்நீர்ப் பை எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். இரண்டு கம்பளியைத் தடவிப் பார்த்துவிட்டு, “அப்படியே எங்க பையனுக்கு நீங்களே கார்டியனா இருந்துடுங்களேன்” என்பார்கள். மாட்டேன் என்று சொல்லக் கூச்சப்பட்டு ஒருமுறை சரி என்றார். அடுத்த முறை கூச்சம்கூட மிச்சமில்லை. சரி என்பது பழகிவிட்டது.

கார்டியன் வேலை என்பது திட்டு வாங்கும் வேலை. எவனோ விடுதிச் சன்னலை உடைப்பான், எவளோ வகுப்புக்கு வராமல் தூங்குவாள். கல்லூரி பெற்றோரைக் கூப்பிடும். மண் சரிந்து சாலை அடைபட்டிருக்கும். சாலை திறந்திருந்தால் அவர்களுக்கு லீவு கிடைத்திருக்காது. ஆகவே துறைத் தலைவியின் அறையில், பெற்றோர் உட்கார வேண்டிய நாற்காலியில் கம்பளிக்கடைக்காரர் உட்காருவார். அவர் அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். மேடம் பேசும்போது அவருடைய கண்ணைப் பார்க்கக் கூடாது, கண்ணாடியின் விளிம்பைப் பார்க்க வேண்டும். மனசுக்குள், துவைத்துக் காயப்போட்ட கம்பளிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட வேண்டும். குரல் ஓயும்போது மூன்று வாக்கியங்கள். “ரொம்பத் தப்பு மேடம். இனிமே ஒழுங்கா வருவான், அதுக்கு நான் பொறுப்பு. அவங்க அப்பாகிட்ட இன்னிக்கே சொல்லிடறேன்.”

இதில் கடைசி வாக்கியம் மட்டும் நடக்கும், அதுவும் அரைகுறையாக. தொலைபேசியில் அப்பாவிடம், “கொஞ்சம் சளி, அதான் ரெண்டு நாள் போகலை. இப்ப நல்லா இருக்கான்” என்பார். அவர் பொய்யர் அல்ல. உண்மை மலையிலிருந்து இறங்கும் வழியில் கொஞ்சம் இளகிவிடும், அவ்வளவுதான். ஆரம்பத்தில் திட்டு வாங்கிய இரவுகளில் அவருக்குத் தூக்கம் வராது. பிறகு மரத்துவிட்டது. நன்றாக மரத்துப்போன மனிதர் என்பதால்தான் பெற்றோரும் கல்லூரிக்காரர்களும் அவரை இவ்வளவு நம்பினார்கள்.

“ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் போய் உட்காந்துட்டு வர்றீங்க, வீட்டுல வாயே திறக்க மாட்டேங்கறீங்க” என்பாள் மனைவி.

“எல்லாம் அங்கயே பேசி முடிச்சுட்டேன்.”

“அங்க எங்க நீங்க பேசினீங்க? கேட்டுட்டுத்தானே வந்தீங்க!”

அவருக்கு ஒரே மகள். அதே கல்லூரி, அதே மேடத்தின் துறை, இரண்டாம் ஆண்டு. வீட்டிலிருந்து வந்துபோகிறவர்களுக்குக் கார்டியன் தேவையில்லை என்பதும் விதிதான்.

அந்த மகள் மழை தொடங்கியதிலிருந்து வகுப்புக்குப் போகவில்லை. காலையில் குளித்து, தலை வாரி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சாயங்காலம் பையோடு திரும்பினாள். சமவெளியில் இருக்கும் பெற்றோருக்குப் பிள்ளை இரண்டு நாள் மட்டம் போட்டாலே கல்லூரியிலிருந்து போன் போயிற்று. கம்பளிக்கடைக்காரருக்கு யாரும் போன் செய்யவில்லை. வாரம் ஒரு தடவையாவது வராந்தாவில் தென்படுகிற மனிதருக்கு எதற்குப் போன்? அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று கல்லூரி நினைத்தது. ஏதாவது இருந்தால் கல்லூரி சொல்லாமலா இருக்கும் என்று அவர் நினைத்தார். எந்த அப்பாவும் அவர் அளவுக்கு அந்தக் கல்லூரிக்குள் போய் வந்ததில்லை. எந்த அப்பாவுக்கும் அவர் அளவுக்குத் தாமதமாகச் செய்தி போனதுமில்லை.

ஒருநாள் கல்லூரி உதவியாளர் கடைவாசலில் வந்து நின்றார்.

“கார்டியன், மேடம் கூப்பிடறாங்க.”

“எந்தப் பையன்?”

“பையன் இல்லை.” உதவியாளர் குடையை மடக்கினார், மறுபடி விரித்தார். “உங்க பொண்ணுதான். கிளாஸுக்கே வர்றதில்லையாம். உங்களுக்குத் தெரியாதா?”

அவர் கையிலிருந்த கம்பளியை மடித்து வைத்தார். இன்னொன்றையும் மடித்து வைத்தார். “வர்றேன், போங்க” என்றார். அதிர்ச்சி வரும் என்று வழியெல்லாம் எதிர்பார்த்துக்கொண்டே நடந்தார். கல்லூரி வாசல் வந்துவிட்டது, அதிர்ச்சி வரவில்லை. அது கொஞ்சம் கவலையாக இருந்தது.

அறையில் மகள் சன்னலோரம் நின்றிருந்தாள். சன்னலுக்கு வெளியே மூடுபனி. மரம், மைதானம், எதிர்க் கட்டடம் எதுவும் இல்லை. அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“உங்க பொண்ணு விஷயத்துல இப்படி ஆகும்னு நான் நினைக்கவே இல்லை” என்று மேடம் ஆரம்பித்தார். “மழை ஆரம்பிச்சதிலேர்ந்து ஒரு வகுப்புக்கும் வரலை. இப்படியே போனா பரீட்சை எழுத முடியாது, ஒரு வருஷம் வீணாகிடும். கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறா. நல்லாப் படிச்ச பொண்ணு. வீட்டுல ஏதாவது பிரச்சினையா?”

அவர் கண்ணாடி விளிம்பைப் பார்த்தார். கம்பளிகளைத் திருப்பிப் போட்டார். குரல் ஓய்ந்தது.

“ரொம்பத் தப்பு மேடம்” என்றார். “அவங்க அப்பாகிட்ட இன்னிக்கே சொல்லிடறேன்.”

மேடம் எதையோ எழுதப்போன பேனாவை நிறுத்தினார். கதவருகில் நின்ற உதவியாளர் இருமினார்.

“அப்பா நீங்கதானே?”

“ஆமா மேடம்.”

“அப்ப யார்கிட்ட சொல்லப்போறீங்க?”

சன்னல் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. மகள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று திரும்பிப் பார்த்தார். இரண்டும் இல்லை.

“சொல்லுங்க அங்கிள்” என்றாள். விடுதிப் பிள்ளைகள் அவரைக் கூப்பிடுவது அப்படித்தான். “அவர்கிட்ட சொல்லிப் பாருங்க. எனக்கும் அவரைப் பிடிக்கவே முடியலை.”

மேடத்துக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும்; குரலைத் தாழ்த்தினார். “இங்க பாருங்க, உங்களை எத்தனை வருஷமா பாக்கறேன். இனிமே ஒரு நாள் விடாம வருவான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சை நம்பி அவளை எழுத விட ஏற்பாடு பண்றேன். இது மத்தவங்களுக்கும் பண்ணதுதான்.”

பண்ணியதுதான். தூங்குமூஞ்சிகளுக்கும், காதலித்துவிட்டு மலைமுகட்டில் போய் உட்கார்ந்தவர்களுக்கும், ஒரு பாடமும் புரியாதவர்களுக்கும் அவர் அந்த வார்த்தையைக் கொடுத்திருக்கிறார். பாதிப் பேர் வந்தார்கள், பாதிப் பேர் வரவில்லை. யாரும் திரும்பி வந்து அவரைக் கேட்டதில்லை. ஒரு வார்த்தை சொன்னால் மகளுக்கு ஒரு வருடம் மிஞ்சும். வாய் திறந்தது. அவர் அதை மூடிக்கொண்டு மகளிடம் கேட்டார்.

“வருவியா?”

“தெரியலை.”

“உடம்புக்கு ஏதாவதா?”

“தெரியலைப்பா. உள்ள வந்து உட்கார்ந்தா ஒண்ணுமே தோண மாட்டேங்குது. அவங்க பேசறது கேக்குது. அவ்வளவுதான்.”

அது என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“தெரியலைன்னு சொல்றா மேடம்.”

“அவ சொல்றது இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?”

“எனக்கும் தெரியலை.”

மேடம் நாற்காலியில் சாய்ந்தார். “இத்தனை வருஷத்துல ஒரு பிள்ளைக்குக்கூட நீங்க இப்படிச் சொன்னதில்லையே! எல்லாரும் வருவாங்கன்னுதானே சொன்னீங்க?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாத பிள்ளைங்க மேடம்.”

அவருடைய பொறுப்பில்லாத வாக்குகளையெல்லாம் ஏற்றுக்கொண்ட அந்த அறை, இந்த ஒரு நேர்மையான பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழித்தது. பிறகு விதி தன் வழியில் போயிற்று. மகள் அடுத்த ஆண்டு திரும்பவும் அதே வகுப்பில் சேரலாம் என்று மேடம் சொன்னார். வருத்தத்தோடுதான் சொன்னார்.

வெளியே குடை ஒன்றுதான் இருந்தது. இருவரும் பாதிப் பாதி நனைந்தபடி சரிவில் இறங்கினார்கள்.

“வருவான்னு சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா வந்திருப்பியா?”

“மாட்டேன்.”

“அப்புறம் என்ன?”

“சும்மா கேட்டேன்.”

கொஞ்ச தூரம் போனதும் அவர் கேட்டார். “இவ்வளவு நாளா எங்க போன?”

“கீழ.”

“கீழன்னா?”

“அடிவாரத்துக்கு. காலையில முதல் பஸ்ல போவேன். பஸ் பாஸ்தான் இருக்கே. அங்க பஸ் ஸ்டாண்டுல வெயில் அடிக்கும்பா. சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்துட்டு, மேல வந்துடுவேன்.”

“யாரோட?”

“வெயிலோட.”

“வேற யாரும்…”

“இருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்” என்றாள்.

கடையில் மனைவி கம்பளிகளுக்கு நடுவில் நின்றிருந்தாள். கூப்பிட வந்த உதவியாளர் அவளிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

“வருஷம் போச்சா?”

“போச்சு.”

“அவங்க போக விட்டாங்களா, இல்ல நீங்க விட்டீங்களா?”

“நான்தான்.”

சண்டை வரும் என்று மகள் உள்ளே நகர்ந்தாள். சண்டை வரவில்லை. மனைவி ஒரு கம்பளியின் ஒரு முனையை அவர் பக்கம் நீட்டினாள், அவர் பிடித்துக்கொண்டார், இருவரும் உதறி மடித்தார்கள். “ஊருக்கெல்லாம் பொறுப்பு ஏத்துக்கிட்டீங்க” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மகள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். இனி மறைக்க வேண்டியதில்லை என்பதால் பையை எடுக்கவில்லை. அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனார். மகள் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. மலையில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். கண்டக்டர் அடிவாரத்துக்காரர், அவருக்கு மகளைத்தான் தெரியும்.

“என்னம்மா, பை எங்க? காலேஜ் லீவா?”

“ஒரு வருஷம் லீவு.”

“கொடுத்து வெச்சவ! கூட யாரு?”

மகள் அவரைப் பார்த்தாள். “தெரிஞ்சவர்தான். டிக்கெட் போடுங்க.”

அவர் மறுக்கவில்லை. தெரிந்தவர் என்பதே கொஞ்சம் மிகையோ என்றுதான் அவருக்குத் தோன்றியது.

வளைவுகளில் அவருக்குத் தலை சுற்றியது. இத்தனை ஆண்டுகள் பெற்றோர்கள் சொல்லக் கேட்டதுதான். சரக்கெடுக்க அவ்வப்போது இறங்கியிருந்தாலும் இப்படி ஆனதில்லை. அடிவாரத்துப் பஸ் நிலையத்தில் டீசல் நாற்றம், ஒலிபெருக்கி, தரையில் காய்ந்த பழத்தோல். தகரக் கூரை முடியும் இடத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. அதன் மேல் முழு வெயில். மகள் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். என்ன பேசுவது என்று யோசித்தார். வழக்கமான மூன்று வாக்கியங்கள் நாக்கு நுனிக்கு வந்தன, விழுங்கிக்கொண்டார். நான்காவது ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை.

“இங்க உட்கார்ந்து என்ன பண்ணுவ?”

“ஒண்ணும் பண்ண மாட்டேன்.”

“சரி” என்றார்.

ஸ்வெட்டருக்குள் முதுகு சூடாயிற்று. கழற்றி மடியில் வைத்தார். பஸ்கள் வந்தன, போயின. யாரோ ஒருவர் அவரிடம் வழி கேட்டார்; தெரியாது என்றார். எப்போது கண் சொக்கியது என்று அவருக்கு நினைவில்லை. தலை சாய்ந்து, வாய் பிளந்து, பட்டப்பகலில், பஸ் நிலையத்தில், குறட்டை விட்டுத் தூங்கினார். எதிர்ப் பெஞ்சிலிருந்த இரண்டு சிறுமிகள் சிரித்தார்கள். மகள் அவர்களை முறைத்துவிட்டு, அவர் மடியிலிருந்து நழுவிய ஸ்வெட்டரை எடுத்துத் தூசி தட்டி வைத்துக்கொண்டாள்.

நிழல் பெஞ்சின் காலைத் தொட்டபோது தோளை உலுக்கினாள்.

“அப்பா. பஸ் வந்துடுச்சு.”

அவர் கண்ணைத் திறந்தார். மலைக்குப் போகும் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் கையைக் காட்டினார்.

“அடுத்ததுல போலாம்” என்று சொல்லிவிட்டு, கம்பளிக்கடைக்காரர் வெயில் இருந்த பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.