குரல் அடங்குவதற்குள் அக்கா கேட்ட கேள்வி

கார்த்திகை பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. முகப்பேர்த் தெருக்களில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். அந்த நேரத்தில் அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார். ஓராண்டு நிறைவில் இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய கடைசித் தம்பியாகிய நான் அறிந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது வந்தவாசியில். அப்பாவுக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை கிடைத்ததும் குடும்பம் குவார்ட்டர்சுக்கு வந்தது. நாங்கள் ஐந்து பேர், அக்காதான் மூத்தவர். தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுக்கும் வேலையில் அவர் சேர்ந்த ஓராண்டுக்குள் அப்பா தவறிவிட்டார். மற்ற நால்வரின் படிப்பும் அக்காவின் சம்பளத்தில்தான் நடந்தது. எதிர்முனையில் யார் கத்தினாலும், "ஒரு நிமிஷம் இருங்க சார்" என்று ஒரே சுருதியில் சொல்லுவார். அத்தான் மறைந்த துக்கத்திலும் அந்தக் குரல் தளரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குரலுக்கே சோதனை வந்தது. முதலில் சாயங்காலம் ஆனால் இடது இமை சரிந்தது. கண் மருத்துவர் வயது என்றார். சாப்பாட்டை மெல்லும்போது தாடை சோர்ந்தது. பல் மருத்துவர் இரண்டு பல்லைப் பிடுங்கினார். பேச ஆரம்பித்த சிறிது நேரத்தில் குரல் மூக்கில் ஏறி, பின் காற்றாகிவிடும். இப்படி ஏழு மருத்துவர்கள். எட்டாவதாகப் பார்த்த இளம் நரம்பியல் மருத்துவர், ஒரே மூச்சில் ஒன்று இரண்டு எண்ணச் சொன்னார். இருபத்திரண்டில் குரல் நின்றது. நரம்பு சொல்வதைத் தசை கேட்காத அபூர்வ நோய் என்றும், மாத்திரை உண்டு என்றும் அவர் சொன்னபோது அக்கா சிரித்தார். "பேர் தெரிஞ்சிடுச்சுல்ல, அது போதும்" என்றார்.

அதன் பின் மருத்துவமனைக்குப் போனால் அக்கா வரிசையில் சும்மா உட்கார மாட்டார். மோவாயைக் கையால் தாங்கியிருப்பவர் யார், தலையைப் பின்னால் சாய்த்துப் பார்க்கிறவர் யார் என்று தேடுவார். அப்படிக் கிடைத்தவர்தான் கரையான்சாவடி ஆட்டோ ஓட்டுநர் தேவராஜ். சரிந்த இமையைப் பிளாஸ்திரி போட்டு நெற்றியோடு ஒட்டியிருந்தார்.

"சாயந்தரம் ஆனா நாக்கு கொயறுதுக்கா. ஊட்லயே குட்ச்சிட்டு வந்தேன்னு சொல்றாங்க. நான் டீ தவுர இன்னாத்தயும் தொட்டதில்ல" என்றார் அவர்.

"என் மருமகளும் நான் வேணும்னே பேசாம இருக்கேன்னுதான் நெனச்சா. நீ வா, வரிசையில என் பின்னாடி நில்லு" என்றார் அக்கா.

நூம்பலில் குடியிருக்கும் கவிதாவும் அங்கே கிடைத்தவர்தான். கணினி நிறுவனத்தில் வேலை. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் இவர்கள் எல்லாரும் முகப்பேரில் அக்கா வீட்டில் கூடினார்கள். மாத்திரை போட்டு முக்கால் மணி கழித்துத்தான் பேச்சு தொடங்கும். மெல்லச் சிரமமில்லாத இட்லியும் கஞ்சியும்தான் பலகாரம். பேசுகிறவருக்குக் குரல் போனால் கையைத் தூக்குவார், திரும்பி வரும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். எந்த மாத்திரை வயிற்றைக் கலக்குகிறது, எந்தக் கடையில் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது, எந்த மருத்துவர் காது கொடுத்துக் கேட்கிறார் என்பதெல்லாம் அங்கே பேச்சு. அக்காவுக்கு அலுப்பாகிவிடுமே என்று நான் கவலைப்பட்டுக்கொண்டே இருப்பேன்.

அப்படி ஒரு ஞாயிறு. எல்லாரும் போன பின், மாலை நான்கரை மணிக்குத் தேவராஜிடமிருந்து தொலைபேசி வந்தது. அக்காவுக்குக் குரல் ஏறக்குறைய தீர்ந்திருந்த நேரம். நான் ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"அக்கா, கவிதாம்மா ரெண்டு ரெண்டா போட்டுகினு நல்லா கீறாங்கன்னு நானும் போட்டேன். கை தூக்க முடில. நோவு ஏறிடுச்சு போல. இன்னும் ரெண்டு போட்டுக்கவா?"

அக்கா பலத்தை எல்லாம் திரட்டி, "எச்சில்..." என்றார். அதோடு குரல் அடங்கிவிட்டது. வாயைத் தொட்டு, வயிற்றைப் பிசைந்து, நெற்றியை வழித்துக் காட்டினார். எனக்குப் புரிந்தது.

"தேவராஜ், வாய்ல எச்சில் ஊறுதா? வயிறு இழுக்குதா? வேர்க்குதா?"

"ரொப்பிகினு ஊத்துது நைனா. சொக்கா பூரா நனைஞ்சி பூட்ச்சு."

அக்கா இரண்டு கைகளையும் வேகமாக ஆட்டினார். மருந்து குறைந்தாலும் இந்த நோயில் சோர்வு வரும், கூடினாலும் வரும். எச்சிலும் வேர்வையும் பொங்கினால் கூடிவிட்டது என்று அர்த்தம். "ஒண்ணு கூடப் போடாதே!" என்று நான் கத்தினேன். அக்கா கைப்பேசியில் கவிதாவின் பெயரைக் காட்டினார். கரையான்சாவடிக்குப் பக்கமான நூம்பலிலிருந்து கவிதா காரில் போய் அவரை மருத்துவமனையில் சேர்த்தார். மூச்சுத் திணறத் தொடங்கியிருந்தது. இரண்டு நாள் செயற்கை மூச்சுக் கருவி வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் கவிதா அழுதார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்குமாகச் சொன்னார்: "மாத்திரையப் பத்தி எது வேணா பேசுங்க. எத்தனைங்கறது மட்டும் உங்களுக்கும் டாக்டருக்கும்." அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் எண்ணிக்கை சொன்னதில்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஒன்பது நாள் தீவிர சிகிச்சை. பேச முடியாத நிலையிலும், பக்கத்துப் படுக்கைப் பெண்ணின் இமை சரிந்திருப்பதைச் செவிலியருக்குச் சுட்டிக் காட்டியிருக்கிறார்.

காரியத்தன்று தேவராஜ் என்னிடம் வந்தார். "நைனா, இனிமே நாங்க எங்க பூறது?"

"எனக்கு மருந்தப் பத்தி ஒண்ணும் தெரியாதேப்பா."

"மருந்துக்கு டாக்டர் கீறாரு. குந்தி பேச ஒரு ஊடு வேணும்ல?"

அக்காவைக் கண் போலக் காத்த மகனுக்கும் மருமகளுக்கும், அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்ட அந்த இளம் மருத்துவருக்கும், தட்டுப்பாட்டிலும் மாத்திரையை எடுத்து வைத்துக் கொடுத்த மருந்துக் கடைக்காரருக்கும், கவிதாவுக்கும், தேவராஜுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. முதல் ஞாயிறு கூட்டம் இப்போது கரையான்சாவடியில் என் வீட்டில் நடக்கிறது. இவர்களுக்குக் கை ஊன்றித்தான் எழ முடியும் என்பதால் கை வைத்த நாற்காலிகளாகப் பார்த்து வாடகைக்கு எடுக்கிறேன். சென்ற மாதம் பதினொரு பேர் வந்தார்கள், அவர்களில் இருவர் புதியவர்கள். இட்லி, கஞ்சி, நாற்காலி எல்லாம் சேர்த்து எனக்கு ஆயிரத்து நூற்று எண்பது ரூபாய் ஆயிற்று.