சுட்டிக்குத் தகப்பன் ஆர்?

முரசுமோட்டைச் சந்தியில் சிவராசாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் போதும், தேத்தண்ணிக் கடையில் யாராவது ஒருவர் குரல் கொடுப்பார்: "மாப்பிள்ளை வாறார், வழி விடுங்கோ!"

சைக்கிளின் பின்னால் ரப்பர் வாரால் இறுக்கிக் கட்டிய அலுமினியக் கலம் ஒன்று இருக்கும். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வழியும். அந்தக் குளிருக்குள் மெல்லிய குழாய்களில் உறைந்து கிடப்பவை, வன்னி மண்ணை ஒருநாளும் மிதித்திராத காளைகளின் விந்து. "மாடு கத்துது" என்று ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வரும். பசு காளையைத் தேடுகிறது என்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். சிவராசா போய் ஊசி போடுவார். உண்மையில் அதில் ஊசி எதுவும் இல்லை, நீளமான ஒரு குழல்தான். ஆனாலும் ஊர் அதற்கு வைத்த பெயர் ஊசி. பதின்மூன்று வருடமாக அவர் ஊசிச் சிவராசா.

அதற்கு முன்பும் மாடுகளை வைத்தே ஊர் அவரை அறிந்திருந்தது. போர் முடிந்து முகாமிலிருந்து சனங்கள் திரும்பி வந்த வருடம், ஆளில்லாத மாடுகள் காடு முழுக்கத் திரிந்தன. குறிசுட்ட தழும்பு தெளிவாக இருந்தவற்றுக்கு வழக்கில்லை. தழும்பு மங்கிப்போன மாட்டுக்கு மூன்று பேர் உரிமை கேட்டு வருவார்கள். சிவராசா மாட்டின் முகத்தை ஒருதரம் பார்த்து, "இது நல்லதம்பியற்றை மாடு" என்றால் மற்ற இருவரும் கயிற்றை விட்டுவிட்டுப் போவார்கள். ஊசி போடத் தொடங்கியபின் அந்தச் சொல்லின் உறுதியை அவர் ஒரு நீலமட்டைக் கொப்பிக்குள் கொண்டுபோய் வைத்தார். திகதி, வீட்டுக்காரர், பசு, போட்ட காளையின் இலக்கம். ஊசி போட்ட கையைக் கழுவியதும் முதல் வேலை அதை எழுதுவது.

அந்தக் கொப்பியைத் தேடித்தான் மிருக வைத்தியர் நிரோசினி வந்தார். முல்லைத்தீவுக் கடற்கரைக் குடும்பத்துப் பிள்ளை.

"மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை மாட்டுக்கு வந்திருக்கிறா" என்று கடையில் ஒருவர் சீண்டியதற்கு, "மீனுக்கு வாலிலை மயிர் இல்லை அண்ணை, அதுதான் வந்தனான்" என்றார் நிரோசினி. கடை சிரித்து அடங்கியபின் விசயத்துக்கு வந்தார். கொப்பியில் உள்ள பதினெட்டுப் பசுக்கன்றுகளின் வால்மயிரை வேரோடு பிடுங்கி, வெளிநாட்டில் ஒரு ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். எந்தக் கன்று நல்ல பால்மாடாகும் என்று இப்போதே பார்க்கலாமாம்.

"இன்னும் கண்டு போடாததின்ரை பாலை மயிரிலையோ பாக்கினம்?" சிவராசாவால் நம்ப முடியவில்லை.

"மயிரின்ரை வேரிலை அதின்ரை முழுச் சாதகமும் கிடக்கு, சிவராசா அண்ணை. இதுக்குக் கிரகம் பாக்கிறேல்லை. ஆயிரக்கணக்கான மாடுகளின்ரை மயிரையும் பாலையும் சேர்த்துப் பாத்து வைச்சிருக்கினம். அதுகளோடை ஒப்பிட்டு ஒரு மதிப்புச் சொல்லுவினம்."

"அந்த ஆயிரம் மாடும் எந்த ஊர்?"

"கனக்க குளிர்நாட்டு மாடுகள்தான்."

"அப்ப எங்கடை வெயில் அதுகளுக்குத் தெரியுமோ?"

"அதைத்தான் எனக்கும் அறிய விருப்பம்" என்றார் நிரோசினி. "அதுக்குத்தான் இஞ்சத்தைக் கண்டுகளும் கணக்குக்குள்ளை போகவேணும்."

அன்றிலிருந்து சிவராசாவுக்கு அந்த மயிர்க்கதைதான். வீடு வீடாகப் போய்ப் பிடுங்கினார். தர்மபுரத்தில் கஜனி, கன்றுக்கு நோகும் என்று முதல்நாளே கத்தரிக்கோலால் வெட்டி, பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தாள்.

"வேர் வேணும் பிள்ளை. இது தலைமுடி வெட்டின மாதிரியெல்லோ கிடக்கு!"

நெற்றியில் வெள்ளைப் பொட்டுக் கிடந்ததால் அந்தக் கன்றுக்குச் சுட்டி என்று பெயர். சுட்டி ஒரு உதை விட்டது. வேர் வந்தது.

இரண்டு மாதம் கழித்து நிரோசினி சிவராசாவை மிருக வைத்தியக் கந்தோருக்கு வரச்சொன்னார். போனபோது நிரோசினியின் முகம் சரியில்லை.

"பதினேழு கண்டுக்கும் தகப்பன் உங்கடை கொப்பியிலை கிடக்கிற காளைதான். ஒண்டு மட்டும் பிழைக்குது. கஜனியின்ரை சுட்டி. நீங்கள் எழுதின காளை அதுக்குத் தகப்பன் இல்லையாம்."

"நான் எழுதினது பிழையெண்டோ சொல்லினம்?"

"இதை நடத்திற கொழும்புக் கந்தோரிலை அப்பிடித்தான் நினைக்கினம். ஒரு இடத்திலை பிழைச்ச கொப்பியை நம்பேலாது, பதினெட்டையும் கழிச்சு விடச் சொல்லுகினம். வாற வெள்ளிக்குள்ளை பதில் குடுக்கவேணும்."

சிவராசா கொப்பியை விரித்தார். சுட்டியின் தாய் கபிலை, கஜனி வீடு, காலை எட்டு மணி, காளை இலக்கம். எழுத்துக் கொஞ்சம் கரைந்திருந்தது. அன்றைக்கு மழை, அது நினைவிருந்தது. கலத்துக்குள் இரண்டு காளைகளின் குழாய்கள் கிடந்ததும் நினைவிருந்தது. ஈரக் கை மாறி எடுத்ததா? மாடுகளின் முகத்தை மறக்காத மனிதருக்குத் தன் கையின்மேல் சந்தேகம் வந்தது. ஆனாலும் ஒரு கேள்வி விடாமல் அரித்தது: மாறி எடுத்திருந்தால் மற்றக் காளையல்லவா தகப்பனாக வந்திருக்க வேண்டும்? நிரோசினியிடம் தொலைபேசியில் கேட்டார். அவர் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதுவும் இல்லை அண்ணை. எங்கடை குழாயிலை வந்த ஒரு காளையும் இல்லை."

அடுத்த நாள் மத்தியானம் தர்மபுரத்துக்குப் போனார். கஜனியின் வளவில் மற்ற இரண்டு கலப்பு மாடுகளும் வேம்பின் கீழே நாக்கைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்கின. சுட்டி மட்டும் நடுவெயிலில் நின்று புல் கடித்துக்கொண்டிருந்தது. இதை அவர் முன்பும் கண்டிருக்கிறார். தான் போட்ட காளையின் திறம் என்று பெருமையும் பட்டிருக்கிறார். இன்று கிட்டப் போய்ப் பார்த்தார். கழுத்துக்குக் கீழே தளதளவென்று தொங்கும் தோல். மற்ற இரண்டிலும் தெரியாத, முதுகில் மெல்ல எழும்பிவரும் ஏரி, அதாவது திமில். வேலிக்கு அப்பால், பக்கத்து வளவில், ஏரம்புவின் நாட்டு நாம்பன், ஒரு இளங்காளை, அசைபோட்டபடி நின்றது. அதற்கும் அதே தோல், அதே ஏரி.

"கஜனி," என்றார் மெதுவாக. "ஊசி போட்ட அண்டைக்கு அந்த நாம்பன் எங்கை நிண்டது?"

கஜனி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். சிரிப்பா வெட்கமா என்று தெரியவில்லை.

"கோவிக்காதேங்கோ சிவராசாண்ணை. முந்தி ரெண்டுதரம் உங்கடை ஊசி நிக்கேல்லை, சினைப்படேல்லை. பின்னேரமும் கபிலை கத்திக்கொண்டு நிண்டா. எதுக்கும் ரெண்டும் கிடக்கட்டும் எண்டு அங்காலை நாம்பனிட்டை அவிட்டு விட்டனான்."

"ரெண்டும் கிடக்கட்டும்!" சிவராசா தலையில் கைவைத்தார். "எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"உங்களை நம்பேல்லை எண்டு நினைப்பியள் எண்டெல்லோ சொல்லேல்லை." பிறகு அவள் குரல் இறங்கியது. "இப்ப சொன்னா சுட்டியைப் பட்டியலிலையிருந்து எடுத்துப்போடுவினமோ?"

"எடுத்தாலும் எடுப்பினம். சொல்லாட்டிப் பதினெட்டும் போகும். என்ரை கொப்பியும் போகும்."

கஜனி வீட்டுக்குள் போய்த் தொலைபேசியை எடுத்து வந்தாள். "டொக்டரின்ரை நம்பரைத் தாங்கோ. நான் செய்தது, நானே சொல்லுறன்" என்றாள்.

நாம்பனின் வாலைப் பிடிக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். மூக்கணாங்கயிற்றை ஏரம்பு பிடித்தார்.

"வேரோடையோ வேணும், தம்பி?"

"வேரோடைதான் அண்ணை."

"என்ரை மோனுக்கே விசா குடுக்கேல்லை. இவன்ரை மயிர் பிளேனேறப் போகுது!"

நிரோசினி கொழும்போடு வாதாடி, மறுமொழி வரும்வரை தவணை வாங்கினார். ஐந்து கிழமை சென்றது. சிவராசா வழக்கம்போல ஊசி போட்டார், கை கழுவினார், எழுதினார். எழுதியதை இரண்டாந்தரமும் வாசித்தார். ஒருநாள் அரிவு வெட்டிய வயற்கரையில் நிற்கும்போது தொலைபேசி அடித்தது.

"ஏரம்பண்ணையின்ரை நாம்பன்தான்," என்றார் நிரோசினி. "மற்றப் பதினேழும் பட்டியலிலை நிக்குது. கொப்பியிலை பிழையில்லை எண்டு எழுதித் தந்திருக்கினம்."

சிவராசா கேட்டார்: "சுட்டி?"

"பால் மதிப்புக் குறைவாத்தான் வந்திருக்கு. ஆனா நாட்டு நாம்பனைப் பற்றி அந்தக் கணக்குக்கு ஒண்டும் தெரியாது. அதாலை சுட்டியைக் கழிக்கேல்லை, தனிய வைச்சிருக்கிறன். வெயிலுக்கை எப்பிடி நிக்கிறா எண்டு நீங்கள் போற நேரமெல்லாம் பாத்து எழுதித் தருவியளோ?"

கொப்பியில் நாம்பனுக்கென்று புதிதாக ஒரு கோடு விழுந்தது. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் சிவராசா கலத்தைத் திறக்குமுன் ஒரு கேள்வி கேட்பார்: "நாம்பன் ஆரும் வந்து போனவரோ?" சந்திக் கடையில் அவருக்கு வரவேற்பும் மாறிவிட்டது. "மாப்பிள்ளை வாறார்! தோழனையும் விசாரிக்கிறார்!"

கபிலை மறுபடியும் கத்தினாள். சிவராசா போய் இறங்கியபோது அவர் வாய் திறக்குமுன் கஜனியே சொன்னாள்: "நாம்பன் கட்டிக் கிடக்கு. ரெண்டு கயிறு. நானே போய்ப் பாத்திட்டு வந்தனான்."

ஊசி போட்டுக் கை கழுவியபின் கொப்பியை எடுத்தார். புதுக் கோட்டுக்கு நேரே 'நாம்பன்: இல்லை' என்று எழுதினார். வேம்பின் கீழே மூச்சு வாங்கும் மாடுகளைப் பார்த்தார், வளவின் நடுவே பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த வரியில் எழுதினார்: 'சுட்டி. பகல் 12.40. வெயிலில் மேய்கிறது. மூச்சு வாங்கவில்லை.'