ஒரு மணிக்கு மெதுவாகும் பம்ப்

போன வாரம் என் ஃபேக்டரியில் ஒரு வேடிக்கை நடந்தது.

சித்தூர் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரி வைத்திருக்கிறேன் என்பது இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், இன்று அரபு நாட்டுக்குக் கூழ் அனுப்புகிறேன். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள்... நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

இந்த சீசனுக்குப் புது கண்ட்ரோல் சிஸ்டம் போட்டோம். கூழை ஹீட்டருக்குத் தள்ளும் பம்பை எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது – எல்லாம் இனி கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். அதற்கு வாத்தியார் யார் தெரியுமா? நான்தான்! பல சீசனாக நான் என் கையால் பம்பை ஓட்டியதெல்லாம் பதிவாகியிருந்ததாம். அந்த டேட்டாவைப் பார்த்துப் பார்த்தே அது தொழில் பழகிக்கொண்டது.

“ஃபார்முலா எதுவும் நாங்க எழுதல சார். நீங்க செஞ்சதுதான் அதுக்குப் பாடம்” என்றாள் திருப்பதியிலிருந்து வந்த இன்ஜினியர் ஹரிதா. என் மகள் வயசு.

விடுவேனா? பி.டெக். படித்தவர்கள் செய்த கம்ப்யூட்டர் என்னிடம் டியூஷன் படித்திருக்கிறது என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

சொல்லி வாய் மூடவில்லை... மத்தியானம் ஒரு மணி வாக்கில் பம்ப் தானாக மெதுவானது. கொஞ்ச நேரம் ஆடி அசைந்து நடை போட்டது. பிறகு தானாகவே வேகம் பிடித்தது. மறுநாளும் அதே கதை.

சீசன் நேரம். கேட்டுக்கு வெளியே தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய லாரிகள் வரிசையாக வெயிலில் நிற்கின்றன. பழம் கனிந்து ஒழுகுகிறது.

“இன்னா மொதலாளி, உங்க கம்ப்யூட்டரு சோறு துன்னப் போய்க்கினு கீதா?” என்று ஒரு லாரிக்காரர் கேட்டேவிட்டார்.

ஹரிதா லேப்டாப்போடு வந்தாள்.

“ஏமி சார் இது? பழைய டேட்டாவுல தினமும் ஒரு மணிக்கு நீங்களே ஸ்பீடைக் குறைச்சிருக்கீங்க. அதான் இதுவும் குறைக்குது. அந்த நேரத்துல கரண்ட் கம்மியா வருமா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா.”

“இன்னொரு விசித்திரம் சார். சனிக்கிழமை மட்டும் குறைக்கவே இல்ல. சனிக்கிழமை என்ன ஸ்பெஷல்?”

ஸ்பெஷல் என்னவென்று எனக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை என் மனைவி கோவிந்தம்மாவுக்கு ஒருபொழுது. திருப்பதி மலையப்பனுக்காகப் பகலில் சாப்பிட மாட்டாள், அடுப்பும் பற்ற வைக்க மாட்டாள். மற்ற நாளெல்லாம் ஒரு மணிக்கு டிபன் கேரியரோடு ஆட்டோவில் வந்து இறங்கிவிடுவாள். முழு வேகத்தில் ஓடும் பம்பை இன்னொருவரை நம்பி விட்டுப் போகிறவனா நான்? மெதுவாக்கிவிட்டுப் போவேன். பழக் கிரேட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு பேரும் உட்காருவோம். அவள் பேசுவாள், நான் சாப்பிடுவேன். குழம்பில் உப்பு குறைவு என்பேன். “அம்மாம் பெரிய ஃபேக்டரி வச்சிகினு கீறீங்க, ஒரு சிட்டிக உப்பு வச்சிக்கக் கூடாதா?” என்பாள்.

மகள் பிரசவத்துக்கு மெல்போர்ன் போனவள் அவள். ஆறு மாதம் என்றுதான் பேச்சு. விசாவை நீட்டி, இன்னொரு பேரனும் பிறந்து... வருஷங்கள் ஓடிவிட்டன.

“போன சீசனைக் காட்டும்மா” என்றேன் ஹரிதாவிடம். காட்டினாள். ஒரு மணிக்குக் கோடு சரிந்திருந்தது. அதற்கு முந்தின சீசன்? அதுவும்தான். அவள் ஊரிலேயே இல்லாத அந்த சீசன்களிலும் நான் பம்பைக் குறைத்துவிட்டு நின்றிருக்கிறேன். சனிக்கிழமை மட்டும் நிற்கவில்லை. எனக்கே தெரியாது இது!

டேட்டா, டேட்டா என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நம் பழைய ரிப்போர்ட்டுகளைக் கம்ப்யூட்டரில் போட்டு, நாளைக்கு என்ன நோய் வரும் என்று பார்க்கிறார்கள். சினிமாவில் நாலு பேர் நடையைப் பதிவு செய்து ஒரு படையையே நடக்கவிடுகிறார்கள். எல்லாம் சரி. ஆனால் டேட்டாவுக்குத் தெரிந்தது நாம் செய்தது மட்டும்தானே? எதற்காகச் செய்தோம் என்பது அதில் எங்கே ஏறுகிறது?

“அந்த ஒரு மணி டேட்டாவை எடுத்துட்டு மறுபடி பழக்கிடவா சார்?” என்று கேட்டாள் ஹரிதா.

வெளியே ஹாரன் மேல் ஹாரன். அடுத்தவர் பழம் அழுகும்போது நான் வேறென்ன சொல்ல முடியும்? “எடுத்துடும்மா.”

மறுநாள் ஒரு மணிக்குப் பம்ப் முழு வேகத்தில் ஓடியது. துளி தயக்கம் இல்லை. லாரிகள் நகர்ந்தன. எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். என்னோடு சேர்ந்து அவளுக்காகக் காத்திருக்க ஒன்றாவது இருந்தது... அதையும் நானே அனுப்பிவிட்டேன்.

போன் போட்டேன். அங்கே அப்போதே இருட்டிவிட்டதாம்.

“இன்னாங்க இந்நேரத்துல? ஒடம்புக்கு எதுனா...?”

மிஷின் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

“என் ஒருபொழுதுகூடத் தெரிஞ்சி வச்சிகினு கீதா? எம் மாமியாருக்கே அது நெனப்பு இருந்ததில்ல!”

“இப்ப மறந்துட்ச்சி. நான்தான் மறக்க வச்சேன். லாரிங்க நின்னுகினு இருந்துச்சி.”

“நல்லதாப் போச்சி. வேல ஓடட்டும்.”

“அது ஓடுது. எனக்குத்தான் ஓடல. வந்துடு, கோவிந்தம்மா.”

இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. ‘உன் இஷ்டம்’, ‘பொண்ணுக்கு ஒத்தாசையா இரு’ என்றே கவுரவமாகப் பேசி வந்தவன்.

அந்தப் பக்கம் சின்னப் பேரன் எதற்கோ சிணுங்குவது கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“இத்த சொல்றதுக்கு ஒரு மிஷினு வாங்க வேண்டியதாப் போச்சா உங்களுக்கு?”

வருகிறேன் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மகளிடம் பேசிப் பார்க்கிறாளாம். நானும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன்.

எனக்கு மிஷின் வாங்க வசதி இருந்தது. உங்களுக்கு எதற்கு அந்தச் செலவு... நேராகக் கூப்பிட்டுவிடுங்கள்!